குட்டி யானையின் கணக்கேடு

எத்தீம்களின் பொருளைக் கையில் வைத்திருப்பவன் நெருப்பைக் கையில் வைத்திருப்பவன் என்று முப்பதாண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வந்தோம். அந்நெருப்பு நான்கு சக்கரங்களோடு ஒருநாள் எம் பொறுப்பில் வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

ஆவடியில் வாழ்ந்த எம் இளவல் 2022 அக்டோபரில் மறைந்தார். அல்லாஹ் அவர் கப்ரை விசாலமாக்குவானாக. அவர் விட்டுச் சென்றவை மனைவி, மூன்று மக்கள், ஒரு டாட்டா ஏஸ் வண்டி. மூத்த மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் பள்ளியில். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் அதன் வரவு செலவு எம் தலையில் ஏறிற்று. ‘ஜக்காத்’ கணக்கைத் தவிர வேறு கணக்கறியாத எமக்கு, ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் என்னும் கணக்கு அன்றுதான் முதற்பாடமாயிற்று.

வண்டியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். டாட்டா நிறுவனம் இதனை வெளியிட்டது 2005 மே மாதத்தில். 702 சி.சி. கொள்ளளவு, இரண்டே சிலிண்டர்கள், 16 குதிரைத் திறன், முக்கால் டன் பாரம் சுமக்கும் ஆற்றல். லாரி நுழைய முடியாத தெருவிலும் நுழையும்; மூன்று சக்கர வண்டியைக் காட்டிலும் கூடுதலாகச் சுமக்கும். தமிழ்நாட்டார் இதற்கு இட்ட பெயர் குட்டி யானை. திருமறையில் யானையின் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு. ஆனால் அது கஅபாவை நோக்கி வந்து, நகரமாட்டேன் என்று மண்டியிட்டுவிட்ட யானை. எம் இளவலின் யானையோ நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து கோயம்பேட்டை நோக்கி ஓடிய யானை.

2012இல் செய்யப்பட்ட அந்த வண்டியை அவர் 2017இல் இரண்டாம் கையாக வாங்கினார். கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி, பாடி மேம்பாலம் கடந்து அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் என்று கடைகடையாக இறக்கி, சில நாள்களில் பூவிருந்தவல்லிப் பக்கமும் போய்த் திரும்புவார். நாளொன்றுக்குச் சராசரி 80 கிலோமீட்டர். 2020 மே மாதத்தில் கொரோனாவினால் கோயம்பேடு மூடப்பட்டுச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, செப்டம்பரில் மீண்டும் திறக்கப்படும்வரை அங்கும் சேற்றில் உழன்று ஓட்டினார். வருமானம் பெரிதன்று, வீண் செலவும் இல்லை.

அவர் ஒரு கணக்கேடு வைத்திருந்தார். சட்டைப் பையில் அடங்கும் சிறிய ஏடு. பக்கத்துக்குப் பக்கம் மேலே 786. கீழே தேதி, மீட்டர் காட்டிய எண், ஊற்றிய லிட்டர். ஆங்காங்கே பச்சை மையில் ‘18’ என்றும் ‘18க்கு மேல்’ என்றும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஓரத்தில் ‘கா’ என்று ஓர் எழுத்து. யாருக்கோ கொடுக்க வேண்டிய காசு போலும் என்று கருதி, அதைக் கடந்து போனோம்.

இத்தா முடியும்வரை வண்டியை எவரும் தொடவில்லை. வடகிழக்குப் பருவமழை முழுவதையும் தெருவோரத்தில் நின்றே வாங்கிக்கொண்டது. 2023 மார்ச்சில், திருநின்றவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரை ஓட்டுநராக அமர்த்தினோம். முஸ்லிம் அல்லர், ஆனால் பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டு எம்மை ஹஜ்ரத் என்றே அழைப்பார். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு பட்டறையில் விட்டோம். டயர்கள் தேய்ந்திருந்தன; விலை குறைவாகப் பழைய டயர்கள் நான்கு கிடைத்தன; எத்தீம்களின் பணமாயிற்றே என்று மகிழ்ந்து வாங்கினோம். ரேடியேட்டர் கொதிக்கிறது என்றார்கள். ஏதோ செய்து சரியாக்கிவிட்டோம் என்றும் சொன்னார்கள். பில்லை மடித்துப் பெட்டியில் வைத்தோம்.

வண்டி ஓடத் தொடங்கியது. மூன்றாவது வாரம் கணக்கேட்டைப் பார்த்து விட்டோம். லிட்டருக்கு 13.

அந்த ஆண்டு சென்னையில் டீசல் 94 ரூபாய்க்குச் சில காசுகள் கூடுதல். 80 கிலோமீட்டருக்கு இளவலின் கணக்குப்படி ஏறக்குறைய நாலரை லிட்டர் போதும்; இப்போது ஆறு லிட்டருக்கு மேல் போயிற்று. நாளொன்றுக்கு 160 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் என்றால் நாலாயிரத்துக்கும் மேல். அது இளைய மகளின் பள்ளிக் கட்டணம்.

மூத்தவன் ஒரு வழி சொன்னான். “பெரியத்தா, டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடுமாம்.” 1,500 ரூபாய். எம் அனுமதியோடுதான் மாட்டினான். ஒரு துளியும் கூடவில்லை. பிறகு விசாரித்தபோது, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய சாதனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, மெச்சத்தக்க பயன் தந்தது ஒன்றும் இல்லை என்று கண்டிருப்பது தெரிந்தது. தாயத்து விற்பவனைக் கண்டித்து ஜும்ஆவில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். எம் வண்டிக்கே ஒரு தாயத்துக் கட்டியிருந்தோம் என்பது பிறகல்லவா தெரிந்தது!

காந்தம் பொய்த்த பின்னர் எம் எண்ணம் மனிதர்மேல் திரும்பியது. சந்தை வாசலில் இரவில் நிற்கும் வண்டிகளிலிருந்து குழாய் விட்டு டீசல் உறிஞ்சி விற்பார்கள் என்று பலரும் சொன்னார்கள். ஓட்டுநரே விற்பதுண்டு என்றும் சொன்னார்கள். எம் இளவல் ஓட்டினால் 18. இவர் ஓட்டினால் 13. இடையிலுள்ள ஐந்து எங்கே? கேள்வி மிக எளிதாயிருந்தது. விடையும் மிக எளிதாயிருந்தது. அதுதான் எம்மைக் கெடுத்தது.

வாய் திறந்து அவரைத் திருடன் என்று கூறவில்லை. அதற்கு எமக்குத் துணிவில்லை. டீசல் டேங்கிற்குப் பூட்டுள்ள மூடி ஒன்றை வாங்கி மாட்டி, சாவியைத் தம்பி மனைவியிடம் கொடுத்தோம். இனி டீசல் ஊற்றும்போது மூத்தவன் உடன் போவான் என்று ஏற்பாடு. ஓட்டுநர் அந்தப் பூட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வண்டி ஃப்ரீயா உருள மாட்டேங்குது ஹஜ்ரத். புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. மொத நாளே சொன்னேன்” என்றார். சொன்னது உண்மைதான். சாக்குப்போக்கு என்று அன்று நினைத்தோம். இன்றும் அப்படியே நினைத்தோம். ஒரு வாரம் ஓட்டினார். சனிக்கிழமை மாலை காசுக் கணக்கைச் சரியாக ஒப்படைத்துவிட்டு, வேறிடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனார்.

புதிய ஓட்டுநர் வந்தார். பூட்டு இருந்தது. சாவி வீட்டில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மூத்தவன் கணக்கேட்டை எம் முன் விரித்தான். 13.

அன்றிரவு தஹஜ்ஜுத் தொழுகையில் நின்றபோது என்ன ஓதினோம் என்பதே நினைவில்லை. ஐயங்களில் பலவற்றைத் தவிர்த்துக்கொள்ளுமாறு 49ஆம் அத்தியாயம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அந்த வசனத்தை இலக்கண விளக்கத்தோடு நடத்துபவர்கள் யாம். ‘ளன்ன்’ என்னும் சொல்லின் வேர், அதன் கிளை, அது உறுதியையும் குறிக்கும் இடங்கள் எல்லாம் எமக்கு மனப்பாடம். எத்தீமின் பொருளில் ஒரு துளி குறையலாகாது என்ற அச்சம், ஒரு கூலிக்காரரின் மானத்தைக் குறைத்துவிட்டது.

அதன் பிறகே உண்மையான ஆய்வு தொடங்கியது. முதலில் பங்க்கின் மேல் ஐயம் வந்தது (ஐயம் எளிதில் சாவதில்லை). எடையளவுத் துறையின் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்கலம் ஒன்றைப் பெட்ரோல் பங்க்குகள் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டரில் 25 மில்லி வரை ஏறக்குறைய இருக்கலாம் என்பது விதி. கேட்டோம், முகம் சுளிக்காமல் அளந்து காட்டினார்கள். கோடு தொட்டு நின்றது. அக்காலத்து இஸ்லாமிய நகரங்களில் முஹ்தசிப் என்னும் அதிகாரி கடைவீதியில் சுற்றி வந்து மரக்காலையும் தராசையும் சோதிப்பார். அப்பதவியின் கடமைகளை ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் விரித்து எழுதியிருக்கிறார். அவர் எழுதிய வேறொன்றும் பின்னர் நினைவுக்கு வந்தது. அதை அதற்குரிய இடத்தில் கூறுவோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. பெரிய ஆலைகளை எல்லாரும் அறிவர். அவற்றின் பின்தெருக்களில், லேத்து எந்திரத்தின் ஓசையிலேயே வளர்ந்து நரைத்த தொழிலறிஞர்களைச் சிலரே அறிவர். அத்தகைய மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனோம். அவர் என்ஜினைத் திறக்கவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மூத்தவனைத் தள்ளச் சொன்னார். அவன் மூச்சுத் திணறத் தள்ளியும் வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினார். அரைச் சுற்றில் நின்றது.

“என்ன பாய், பிரேக்கைப் புடிச்சிக்கிட்டே ஓட்டியிருக்கீங்க?”

மழையில் நின்ற மாதங்களில் பின் டிரம்முக்குள் துரு ஏறி, ஹேண்ட் பிரேக் கம்பி இறுகி, பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டேயிருந்திருக்கிறது. எரித்த டீசலில் ஒரு பங்கு வண்டியை முன்னே தள்ள, மற்றொரு பங்கு பிரேக்கைச் சூடாக்கியிருக்கிறது. முதல் நாளே சொன்னேன் என்று அந்தத் தம்பி சொன்னது இதைத்தான்.

அடுத்து டயர்களில் காற்றளவு பார்த்தார். பின் சக்கரங்களில் இருக்கவேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்த டயர் தரையில் பரவி நசுங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி எழ வேண்டியிருப்பதால், அந்த வேலைக்கும் டீசலே கூலி கொடுக்க வேண்டும். “வாராவாரம் காத்துப் பாக்கணும் பாய். உங்க தம்பி வெள்ளிக்கிழமை தவறாம பாப்பாரே, இந்த ரோட்டு முனையிலதான்” என்றார். கணக்கேட்டின் ஓரத்திலிருந்த ‘கா’வுக்குப் பொருள் அப்போது விளங்கியது. ஜும்ஆவுக்குப் போகுமுன் அவர் காற்றுப் பார்த்திருக்கிறார். அதைக் கடன் என்று கருதினோமே!

டயர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “இது கம்பெனி சைஸ் இல்லியே” என்றார். யாம் மலிவாக வாங்கிய டயர்கள், வண்டிக்குரியவற்றைவிடச் சற்றே பெரியவை. அதனால் என்ன என்று கேட்டோம். அவர் சொன்ன விளக்கம் எம்மை உலுக்கிவிட்டது. வண்டியின் மீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானால் அதே தூரத்துக்குக் குறைவான சுற்றுகளே சுழலும். ஓடியதைவிடக் குறைவாகவே மீட்டர் காட்டும். நம்பாமல், பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் பக்கம் வரை ஓட்டிச் சென்று கிலோமீட்டர்க் கற்களை எண்ணினோம். கற்கள் 30, மீட்டர் 29.

முப்பதில் ஒன்று. மிகச் சிறிய குறைவு. ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு ஒருவரைத் திருடர் என்று முடிவு செய்தோமோ, அந்த அளவுகோலே குறைவானது, குறைத்தவர்களும் யாமே.

அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயத்துக்கு அல்முதஃப்ஃபிஃபீன் என்று பெயர். ‘தத்ஃபீஃப்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது அது. அச்சொல்லோடு உறவுடைய ‘தஃபீஃப்’ என்பதற்கு அற்பமானது, சிறிதளவானது என்று பொருள். மரக்காலில் திருடுகிறவன் மூட்டையோடு தூக்கிச் செல்வதில்லை. ஒரு பிடி, அரைப் பிடி என்று சிறிதுசிறிதாகவே எடுக்கிறான். ஆதலால் இப்பெயர் என்பர் சொல்லறிஞர். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்னும் பெருந்திருட்டைச் செய்த ஒரு கள்வரைத் தேடினோம். அங்கே பெருங்கள்வர் எவரும் இல்லை. தஃபீஃப்களே இருந்தன.

இன்னொன்று பெட்டிக்குள் இருந்தது. எஃப்.சி. நேரத்தில் பட்டறை தந்த பில். பெரியவர் கேட்டதால் எடுத்துக் கொடுத்தோம். அதில் ஒரு வரி, தெர்மோஸ்டாட் வால்வு கழற்றிய கூலி. அரபு நூல்களின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்டிருக்கும் ஹாஷியாக்களையெல்லாம் விளக்கு வைத்துப் படித்தவர்கள் யாம். ஆறு வரிப் பில்லைப் படிக்கவில்லை. என்ஜின் போதிய சூடு அடையும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைப்பது அந்த வால்வின் வேலை. ரேடியேட்டரில் அடைப்பு இருந்து வண்டி கொதித்தால், அடைப்பை நீக்குவதே முறை. அவசரத்தில் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவதும் பல பட்டறைகளில் வழக்கம். கொதிப்பு நிற்கும், ஆனால் என்ஜின் எப்போதும் சூடு போதாமலே ஓடும். டீசல் நன்றாக எரியச் சூடு வேண்டும். சூடு போதாத என்ஜினில் எண்ணெயும் கெட்டியாக நின்று உராய்வைக் கூட்டும். சோறு வெந்தும் வேகாமலும் இருக்க விறகு மட்டும் எரிந்துகொண்டிருப்பது போன்ற நிலை. பெரியவர் ரேடியேட்டரைக் கழுவிப் புதிய வால்வு போட்டார். தூசி அடைந்திருந்த ஏர் ஃபில்டரையும் மாற்றினார். அதன் பின் கரும்புகை நின்றது.

இதுவரை கூறியவை பட்டறைக் குற்றம், மழைக் குற்றம் என்று கழித்துவிடலாம். எஞ்சியவை எம் உத்தரவுகள்.

இளவல் முக்கால் டன்னுக்குமேல் ஏற்றியதில்லை. யாம் பொறுப்பேற்றதும், பிள்ளைகளுக்கு வருமானம் கூடட்டும் என்று, ஒரு நடைக்கு இன்னும் பத்து மூட்டை வெங்காயம் ஏற்றச் சொன்னோம். மூட்டைக்கு 50 கிலோ. முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது என்பதையும் அப்போது அறியோம். ஓட்டுநர் தயங்கினார். ‘எல்லாரும்தானே ஏற்றுகிறார்கள்’ என்றோம். 16 குதிரைத் திறன் கொண்ட என்ஜின் பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. கூடுதல் மூட்டைகளால் வந்த வாடகையில் பெரும்பகுதியைக் கூடுதல் டீசலே குடித்துவிட்டது என்பதைப் பிறகு கூட்டிப் பார்த்தபோது கண்டோம்.

மாவர்தீ எழுதியது இங்கேதான் நினைவுக்கு வந்தது. கால்நடைகளின்மேல் அவை தாங்காத பாரத்தை ஏற்றுவோரை முஹ்தசிப் தடுக்க வேண்டும், மரக்கலங்களில் அளவுக்கு மீறி ஏற்றுவோரையும் தடுக்க வேண்டும் என்கிறார். அபூதாவூதில் வரும் ஒட்டகத்தின் செய்தியை எம் மாணவர்கள் எல்லாரும் அறிவர். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதனைத் தடவிக் கொடுத்துவிட்டு, இதன் உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். பட்டினி போட்டும் ஓயாமல் வேலை வாங்கியும் அதனை வருத்துவதாக அது முறையிட்டதை எடுத்துரைத்து அவரைக் கண்டித்தார்கள். இரும்புக்கு அழத் தெரியாது. அது டீசலைக் குடிக்கிறது, பிரேக் ஷூவைத் தேய்க்கிறது, அச்சை முறிக்கிறது. அழுகையின் மொழி வேறு.

மற்றொன்று பேட்டரி. பழைய பேட்டரி வலுவிழந்திருந்தது. ‘ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆகாது ஹஜ்ரத்’ என்று அந்தத் தம்பி கேட்டபோது, ரமலான் கழியட்டும் என்று தள்ளிப்போட்டோம். அதன் விளைவு, கோயம்பேட்டு வாசல் வரிசையிலும், ரயில்வே கேட்டிலும், மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்த கரையான்சாவடி நெரிசலிலும் என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தது. நின்ற இடத்தில் ஓடும் என்ஜினுக்கு மைலேஜ் பூச்சியம். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்தாலும் ஒளூவின் தண்ணீரை விரயமாக்காதே என்னும் நபிபோதனையைப் பள்ளிவாசல் ஹவுளின் பக்கத்தில் எழுதி ஒட்டியவர்கள் யாம். புதிய பேட்டரிக்குப் பணம் எடுக்கத் தயங்கி, மாதம் முழுவதும் டீசலைப் புகையாக்கினோம்.

டீசல் விரயம் என்பது ஆவடியில் ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. 1973 அக்டோபரில் போர் மூண்டபோது அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்தது சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அமெரிக்காவே 1974இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்குமேல் வேகம் கூடாது என்று சட்டமியற்றியது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதே அதன் அடிப்படை. நம் நாட்டிலும் எண்ணெய்ச் சிக்கனத்தை எடுத்துரைக்கப் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978இல் நிறுவப்பட்டது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுக, காற்றுப் பார்க்க, நிற்கும்போது என்ஜினை நிறுத்துக என்று அச்சங்கம் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறது. எம் இளவல் அதன் பிரசுரங்களைப் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் செய்ததெல்லாம் அதுதான். (ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஒரு டாங்கி ஒரு லிட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது என்பார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு லிட்டருக்கு 18 என்று கணக்கெழுதிய மனிதரை நினைத்தால் நகைப்பும் வருகிறது, கண்ணும் பனிக்கிறது.)

அளக்கும் முறையையும் பெரியவரே கற்றுக் கொடுத்தார். ஒரே பங்க்கில், அதே குழாயில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, குழாய் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்ப வேண்டும். மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு நாலைந்து நாள் வழக்கம்போல் ஓட்டி, மீண்டும் அதே குழாயில் அதேபோல் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் அதுவே மைலேஜ். ஒருமுறை அளந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள், மூன்று நான்கு முறை அளந்து சராசரி பாருங்கள் என்றார். எமது உஸ்தாத் ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

பிரேக்கும் காற்றும் சரியானதும் 15 வந்தது. வால்வும் ஃபில்டரும் மாற்றியபின் 16. பாரத்தை முக்கால் டன்னுக்கு இறக்கி, புதிய பேட்டரி போட்டு, நிற்குமிடத்தில் என்ஜினை நிறுத்தத் தொடங்கியபின் மீட்டர்க் கணக்கில் 17. முப்பதில் ஒன்றைச் சேர்த்தால் 17.6. இளவலின் 18 இன்னும் எட்டவில்லை. அவர் வண்டி ஓட்டியதை இரண்டொரு முறைதான் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறோம். முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கிருந்தே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை மெல்ல உருட்டி வருவார். அந்தக் கால் யாருக்கு வரும்?

செலவு அனைத்தும் சேர்த்து, காந்தத்துக்குக் கொடுத்த 1,500ஐயும் கூட்டி, எத்தீம்களின் கணக்கில் எழுதாமல் எம் சம்பளத்திலிருந்து சிறிதுசிறிதாக அடைத்தோம். தம்பி மனைவி, “எதுக்கு மச்சான், வண்டிக்குத்தானே ஆச்சு” என்றார். விளக்கம் சொல்ல வாய் வரவில்லை.

திருநின்றவூருக்கு ஒரு ஞாயிறு காலை போனோம். புதிய ஓட்டுநருக்கு வேறு வேலை வந்து போய்விட்டிருந்தார் என்பது ஒரு காரணம். அது இல்லாவிட்டாலும் போயிருக்க வேண்டும். தம்பியின் வீட்டுத் திண்ணையில் அவர் தாயார் பாய் விரித்தார். தாயார் முன்னிலையிலேயே, “நான் உம்மைத் தவறாக நினைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளும்” என்றோம். பன்மையில் பேசிப் பழகிய நாக்குக்கு அந்த ‘நான்’ எளிதாயில்லை. அவர் தலை குனிந்துகொண்டு, “பிரேக்கைப் பாத்தாங்களா ஹஜ்ரத்?” என்று மட்டும் கேட்டார். பார்த்தார்கள், நீர் சொன்னதுதான் என்றோம். தாயார் டீ கொண்டுவந்து வைத்தார். வேறு பேச்சு ஒன்றும் நடக்கவில்லை.

மறுவாரம் வந்து வண்டியை எடுத்தார். டேங்கின் பூட்டைக் கழற்றிவிடச் சொன்னோம். “இருக்கட்டும் ஹஜ்ரத், ராத்திரி தெருவுல நிக்கிற வண்டிதானே” என்றார். சாவியை அவரிடமே கொடுத்துவிட்டோம். இளவலின் ஏடு நிரம்பிவிட்டதால், மூத்தவன் புதிய ஏடு ஒன்று வாங்கி முதற்பக்கத்தில் 786 எழுதிக் கொடுத்தான். கடந்த மாதம் அதைப் புரட்டிப் பார்த்தோம். கோணல்மாணலான கையெழுத்தில் தேதி, மீட்டர் எண், லிட்டர். வெள்ளிக்கிழமைகளின் ஓரத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, ‘கா’.